ஜனவரித் தண்ணீரில் கை கழுவுவது

கோத்தகிரியில் ஜனவரி மாதக் காலையில் குழாய்க்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் எங்கள் எல்.கே.ஜி. பிள்ளைகளின் கஷ்டம் புரியும். புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். தொட்டித் தண்ணீரோ ராத்திரி முழுக்க வெட்டவெளியில் இருந்த தண்ணீர். டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கை கழுவச் சொன்னால் வரிசையாகத்தான் போவார்கள். ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மூன்று விரல் நுனியை மட்டும் குழாய்க்குக் காட்டிவிட்டு, "கழுவிட்டேன் மிஸ்" என்று ஓடி வந்துவிடுவார்கள். திட்டவும் மனசு வராது. நான் மேட்டுப்பாளையத்துக்காரி, கல்யாணமாகி மலையேறி வந்த முதல் வருஷம் நானும் அப்படித்தான் கழுவினேன்.

பிள்ளைகளுக்குச் சுகாதாரத்தை விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது பற்றி ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். பாக்கெட்டில் காலாவதி தேதி பார்க்கப் பழக்குங்கள் என்றார்கள். என் வகுப்பில் பத்துக்கு மேல் எண்ணத் தெரிந்தவர்கள் நான்கு பேர். சரி, அதை விடுங்கள். அங்கே காட்டிய மிளகுத்தூள் வித்தை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தட்டில் தண்ணீர், மேலே மிளகுத்தூள், அதுதான் கிருமி. சோப்பு தொட்ட விரலை நடுவில் வைத்தால் தூள் சட்டென்று ஓரத்துக்கு ஓடும். வகுப்பே குதித்தது. மறுநாள் ஒரு வாண்டு சோப்புக் கட்டியை ஒரு விரலால் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கேட்டால், "கிருமி ஓடிடுச்சு மிஸ்."

அவள் மேல் தப்பே இல்லை. நான் காட்டியது அதைத்தானே? தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைச் சோப்பு குறைத்துவிடுகிறது, அதனால் தூள் விலகுகிறது. கிருமி அப்படிப் பயந்து ஓடுகிற ஜாதி இல்லை. கையிலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்பு அந்தப் பிசுக்கைத் தளர்த்தும்; நாம் தேய்க்கத் தேய்க்கத்தான் அது விட்டு வரும்; தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். 20 நொடி தேய்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். அந்தத் தேய்ப்பை மட்டும் கண்ணில் காட்டாத ஒரு விளையாட்டை நான் கைதட்டல் வாங்கி நடத்தியிருக்கிறேன்.

மாற்று வழி என் சமையலறையிலேயே இருந்தது. உருளைக்கிழங்குக்கு மஞ்சள்தூள் பிசறிவிட்டுக் குளியல் சோப்பில் கை கழுவினால் கை சிவக்கும், பார்த்திருப்பீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீர் சிவக்கிறதே, அதே கதைதான். சோப்பில் இருக்கிற காரத்தன்மை மஞ்சளைச் சிவப்பாக்கிவிடும். மறுநாள் கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டுபோய் ஆளுக்கொரு பொட்டு உள்ளங்கையில் வைத்தேன். "கிருமி கண்ணுக்குத் தெரியாது. இன்னைக்கு மட்டும் மஞ்சள் சட்டை போட்டுட்டு வந்திருக்கு" என்றேன். இரண்டு கையிலும் பூசிக்கொண்டார்கள். முதலில் வெறும் தண்ணீர். எண்ணெய் அல்லவா, மஞ்சள் அசையவே இல்லை. அப்புறம் சோப்பு. தேய்க்க ஆரம்பித்ததுமே ஒரே கூச்சல்: "மிஸ், குங்குமம்! குங்குமம்!"

எங்கே தேய்க்கவில்லையோ அங்கே நிறம் நிற்கும். விரல் இடுக்கு, கட்டைவிரல் அடி, நகக்கண். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே மூன்று இடம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பார்த்து, "இங்க ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்" என்று காட்டிக்கொடுத்தார்கள். ஒன்றிலிருந்து பத்துவரை இரண்டு தடவை எண்ணினால் நேரக் கணக்கும் ஆயிற்று. எதற்கும் குளியல் சோப்புக் கட்டியையே வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் திரவ ஹேண்ட்வாஷில் செய்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம்.

ஆனால் அன்று எல்லாரும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். மஞ்சள் கறை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும்தான். அது நவம்பர் மாதம். வடகிழக்கு மழை எங்கள் பக்கம் நன்றாகவே கொட்டும். பத்து நாள் வெயிலே இல்லை. மூன்று அம்மாக்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். இப்போதெல்லாம் அப்பாவின் பழைய சட்டையைப் பின்பக்கம் பட்டன் வரும்படி மாட்டிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

தண்ணீரின் சில்லிப்புக்கு எங்கள் ஆயாம்மா வழி செய்தார். அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர், அதைக் குழாய் வைத்த பழைய கேனில் பச்சைத் தண்ணீரோடு கலந்து வெதுவெதுப்பாக வைத்துவிடுவார். கிருமிக்குத் தண்ணீர் சூடா ஜில்லா என்பது ஒரு பொருட்டே இல்லை. அதைக் கொல்லும் சூட்டில் நம்மால் கை வைக்க முடியாது. வெதுவெதுப்பு பிள்ளைகளுக்காக, இரண்டு பத்து எண்ணும்வரை கையை இழுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக. குடிதண்ணீர் விஷயம் வேறு. "இந்த ஊர்ல கொதிக்கிற தண்ணியில அவ்வளவு சூடு கிடையாது" என்று ஆயாம்மா அடிக்கடி சொல்வார். நிஜம்தான். கோத்தகிரி இருக்கும் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத்தான் அது தகராறு. கிருமிக்கு அதுவே தாராளம், தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். 2,000 மீட்டரைத் தாண்டிய ஊட்டி மாதிரி இடங்களில் மூன்று நிமிஷம் விடச் சொல்வார்கள்.

கேரட் விளையாட்டை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. தழையோடு, மண்ணோடு பிடுங்கியதை அப்படியே கால்சட்டையில் துடைத்துவிட்டுக் கடிக்கிற பிள்ளைகள் இவர்கள். மண்ணில் உருளைப்புழு முட்டை இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. பிப்ரவரியில் பூச்சி மாத்திரை கொடுக்கும்போது அதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஒருநாள் மூன்று டப் தண்ணீரும் ஒரு கூடை கேரட்டும் வைத்தேன். ஒரு பையனின் அப்பா கேரட் கழுவும் மெஷினில் வேலை பார்க்கிறார். அவன் மேஸ்திரி ஆகிவிட்டான். ஒவ்வொரு டப்பாகக் குனிந்து பார்த்து, "இன்னும் செவப்பா வருது, மாத்துங்க" என்று உத்தரவு. நான் மூன்று டப் போதும் என்று நினைத்திருந்தேன். அவன் ஐந்தாவதில்தான் விட்டான்.

இன்னும் ஜெயிக்க முடியாதது காக்கா கடி. கடலை மிட்டாயைச் சட்டைத் துணியில் சுற்றிக் கடித்து உடைத்தால் எச்சில் இல்லை, பங்கு போடலாம். நாம் எல்லாரும் அப்படித்தானே தின்றோம்? ஆனால் இங்கே அந்தத் துணி ஸ்வெட்டர் கை. காலையிலிருந்து மூக்குத் துடைத்த கை. மழை மாதத்தில் காயாது என்று இரண்டு வாரம் துவைக்காத கை. "எச்சில் படலையே மிஸ்" என்று அவர்கள் வாதாடும்போது எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. இப்போதைக்கு மிட்டாயை நானே கத்தியால் நறுக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

கழுவிய கையை மறுபடி மூடுவதும் அந்த ஸ்வெட்டர்தான். முழங்கை வரை ஏற்றி ரப்பர் பேண்ட் போட்டுப் பார்த்தேன், கை சிவந்துவிட்டது. ஒரு பையனுடையது அண்ணனின் ஸ்வெட்டர், எவ்வளவு ஏற்றினாலும் இறங்கிவிடும். டைரியில் எழுதி அனுப்பினேன். திங்கட்கிழமை அவன் வந்தபோது இரண்டு கையிலும் உள்பக்கமாக மடிப்பு வைத்துத் தைத்திருந்தது. பாட்டி தைத்தாராம். அடுத்த வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.