மேலே இருக்கும் வரை

ஏப்ரல் 27
காலையில் அம்மாவின் ஆக்சிஜன் அளவு 86. பிறகு 88. ஜன்னலைத் திறந்து வை, ஓடைப் பக்கம் சோலைக்கிளி பாடுகிறது என்கிறாள் அம்மா. எனக்கு இயந்திரத்தின் மூச்சுதான் கேட்கிறது.

ஏப்ரல் 28
5.45க்கு எனக்கும் கேட்டது. முதலில் முணுமுணுப்பு, பிறகு நீண்ட சீழ்க்கை. 15 செ.மீ. உடம்பு, முதுகு நீலம், வயிறு வெள்ளை. சோலை நிழலை விட்டு வெளியே வர மனம் வராத பிறவி. நீலகிரியில் இருப்பது இந்தக் கொடைக்கானல் பறவையின் பங்காளி, ஆனால் வேறு இனம். நடுவில் பாலக்காட்டுக் கணவாய். அந்தத் தாழ்நிலத்தைத் தாண்ட மாட்டாமல் கிடந்தே இரண்டாகப் பிரிந்துவிட்டன. எதிர்மேட்டுப் பைனோ மெக்சிகோவிலிருந்து கடல் தாண்டி வந்தது. புல்வெளியில் நட்டார்கள், நின்றுவிட்டது. அண்ணன் பைன். துபாய், சென்னை, போட்ட இடத்தில் வேர் விடுவான்.

ஏப்ரல் 30
“மலையை விட்டுக் கீழே கூட்டிப் போங்கள்” என்று டாக்டர் மறுபடியும். அம்மா சுவரைப் பார்த்தாள்.

மே 1
மின்சாரம் 40 நிமிடம் இல்லை. சிலிண்டர் போதுமா என்று அதன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 3
தூக்கமில்லை. சோலைக்கிளிக்கு சோலிகோலா என்ற பேரினப் பெயரே 2017இல் வைத்ததுதான். கிளி என்றால் நமக்குப் பச்சைக்கிளி. மலையாளத்தில் சின்னப் பறவை எல்லாமே கிளி. மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமான ஊசியிலை மர இனம் நாகேயா ஒன்றுதான். அதற்கு இலை அகலம், ஊசியே கிடையாது! இதை யாரிடம் சொல்வது, இரவு இரண்டு மணிக்கு.

மே 6
மருந்துக்கடைக்குப் பைன் காட்டு வழியாகப் போனேன். சீசன் கூட்டம், ஹாரன், செல்ஃபி. அந்தச் சருகு மெத்தையில் எதுவும் முளைக்காது என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். உள்ளே தள்ளி, வயதான மரங்களின் நிழலில், முழங்கால் உயரத்தில் நாவல் இனக் கன்றுகள் மூன்று. பைன் நிழலில் சோலை திரும்பும், அவசரப்பட்டு வெட்டாதீர்கள் என்று இங்கே சிலர் பல வருடமாகச் சொல்வதுதான். எரிச்சலாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். “மிதிக்காமல் வந்தாயா?”

மே 8
84.

மே 9
மலைக்கு வர அண்ணன் இ-பாஸ் எடுத்துவிட்டான். இரண்டு பைகள் கட்டியாயிற்று. அங்கே என்ன பாடும் என்று கேட்டாள். குயில் என்றேன். “குயில் எங்கேயும்தான் இருக்கிறது.”

மே 10
5.45க்குப் பாடவில்லை. ஆறுக்கும் இல்லை. ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. அண்ணன் வத்தலக்குண்டு தாண்டிவிட்டானாம்.