உவரி அந்தோணியார் முன்னால்

நான் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண், அதாவது புராட்டஸ்டண்ட். ஊசிக் கோபுரத்து நிழலில் ஞாயிறு பள்ளி படித்து வளர்ந்தவள். வாழ்க்கைப்பட்டது ஆர்.சி. என்கிற ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில். பத்து வருஷமாக என் மாமியார், அதாவது அத்தை, கடற்கரை ஊரான உவரியின் அந்தோணியார் கோயிலுக்குக் கூப்பிடுவார்கள். நானும் பிள்ளைக்குப் பரீட்சை, எனக்குத் தலைவலி என்று தட்டிக் கழிப்பேன். போன செவ்வாய்க்கிழமை சாக்கு தீர்ந்துபோயிற்று.

நாங்குநேரி தாண்டுவதற்குள் காரில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. "பத்துக் கட்டளையில இரண்டாம் கட்டளை என்ன சொல்லுது அத்தை?" என்றேன், மடக்கிவிட்ட நினைப்பில். "கடவுளோட திருப்பெயரை வீணாச் சொல்லாதே" என்று பட்டென்று பதில் வந்தது. எங்களுக்கு அது மூன்றாவது! விக்கிரகம் கூடாது என்பதுதான் எங்கள் இரண்டாவது. அவர்கள் விக்கிரகத்தைப் பற்றிய வசனத்தை முதல் கட்டளையோடு சேர்த்துவிட்டு, கடைசியில் பிறர் மனைவிக்கு ஒன்று, பிறர் உடைமைக்கு ஒன்று என்று பிரித்துப் பத்தாக்கிக்கொள்கிறார்கள். "பார்த்தீங்களா, வசதியா மறைச்சிட்டீங்க" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் லுத்தரன் சபையாரும் இதே கணக்குத்தான். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தரையே சாட்சிக்கு இழுத்தால் என் கட்சி நிற்காது. பேசாமல் இருந்துகொண்டேன்.

திசையன்விளை தாண்டினால் பனையும் தேரி என்கிற செம்மணல் மேடுகளும்தான். அந்தப் பக்கம்தான் இடையன்குடி. மிஷனரி கால்டுவெல் 1841 இல் வந்து குடியேறிய ஊர். அவர் கட்டிய கோயில் 1880 இல் பிரதிஷ்டை ஆயிற்று. அவரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1968 இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையே வைத்தார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அதைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனாலும் சிலை என்றால் எங்களுக்கு ஏன் இப்படிச் சுருக்கென்கிறது என்று எனக்குத் தெரியும். இந்தத் தேரிக்காட்டு ஊர்களில் பேய்க்கோயில்களை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஓலைக் கூரை போட்டு ஜெபித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு இது வேத பாட விவாதம் இல்லை, முப்பாட்டன் கையால் உடைத்த காரியம். அத்தை வீட்டாருக்கு அந்த நினைவு இல்லை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. 1542 இல் இந்தக் கடற்கரைக்கு வந்த கத்தோலிக்கத் துறவி சவேரியாரே, ஊர்ப் பிள்ளைகள் விக்கிரகங்களை உடைத்து நொறுக்கியதைச் சந்தோஷமாகக் கடிதத்தில் எழுதியவர்தான். உடைத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார்கள்.

உவரியில் இறங்கியதும் உப்புக் காற்று. கோயிலைச் சுற்றிப் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருந்தார்கள். காலரா கண்ட போர்த்துக்கீசியக் கப்பலில் ஒருவர் அந்தோணியார் உருவத்தைச் செதுக்க, நோய் நின்றது, அதைத்தான் இங்கே வைத்துவிட்டுப் போனார்கள் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. லிஸ்பனில் பிறந்து 1231 இல் பதுவையில் இறந்த துறவி அவர். மீன்களுக்குப் பிரசங்கம் பண்ணினார் என்று ஒரு கதை உண்டு. மீன்பிடிக்கிற ஊருக்குப் பொருத்தமான ஆள்தான்.

"சிலை நல்லா இருக்கு" என்றேன். "சிலைன்னு சொல்லாத மக்கா, சொரூபம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் மனப்பாடம் பண்ணிய பழைய வேதாகமத்தில், "ஒரு சொரூபத்தையாகிலும் யாதொரு விக்கிரகத்தையாகிலும் நீ உனக்கு உண்டாக்க வேண்டாம்" என்றுதான் இருக்கிறது. எங்களுக்கு விலக்கிய அதே சொல் அவர்களுக்குப் பக்திச் சொல்.

787 இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் இதற்கு ஒரு கோடு கிழித்தது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அந்த உருவத்துக்கு உரியவரைப் போய்ச் சேரும். ஏட்டில் தெளிவாகத்தான் இருக்கிறது. தமிழில்தான் சிக்கல். கடவுளையும் கும்பிடுகிறோம், மாமனாரையும் கும்பிடுகிறோம், ஓட்டுக் கேட்டு வருகிறவரும் நம்மைக் கும்பிடுகிறார். சொரூபத்தின் முன்னால் இருந்த கண்ணாடியைத் தடவித் தடவி முகத்தில் ஒற்றிக்கொண்டவர்களைப் பார்த்தபோது, அந்தக் கோடு அங்கே எல்லாருக்கும் தெரிந்ததாக எனக்குப் படவில்லை. வேதாகமத்தில், மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே ஜனங்கள் தூபம் காட்ட ஆரம்பித்ததும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டாரே. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் அத்தை நின்ற விதம் வேறு. கை குவிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி முணுமுணுத்தார்கள். வெளியே வந்ததும், "அவர்ட்ட என்ன கேட்டீங்க?" என்றேன்.

"அவர்ட்ட நான் எதுக்குக் கேக்கேன்? ஆண்டவர்ட்ட கேளும்னு அவர்ட்ட சொன்னேன். உங்க அம்மை முட்டுவலிக்கும் சேத்து ஒரு மெழுகுதிரி ஏத்தினேன். அவங்ககிட்ட சொல்லிராத, கோவப்படுவாங்க."

நான் உள்ளே என்ன செய்தேன் என்று கேட்டால், சும்மா நின்றேன். கண்ணை மூடி, வீட்டில் சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். மண்டியிடவில்லை.

திரும்பும் வழியில் அம்மா போன் பண்ணினாள். "போனியா? கும்பிட்டியாட்டி?"

"இல்லம்மா. நின்னேன்."

"சரி."

அத்தை ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மெழுகுதிரியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.