கு.க. பண்ணியாச்சு, சீட்டு எங்கே?

வாராவாரம் மெத்தோட்ரெக்ஸேட் எடுத்தும் முடக்குவாதம் கேட்கவில்லை. காலையில் விரல் மடங்காது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் புது மருந்து ஆய்வு நடக்கிறது, சேர்ந்து பாருங்கள் என்றார் டாக்டர். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

ரத்தம், எக்ஸ்ரே என்றுதான் நினைத்திருந்தேன். கோஆர்டினேட்டர் பெண் எடுத்த எடுப்பிலேயே, “அக்கா, கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க?” என்றாள்.

“எனக்குத்தான் கு.க., அதான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சே.”

“அப்போ அந்தச் சீட்டைக் கொண்டாங்கக்கா.”

வயிற்றுப் பிள்ளைக்கு அந்த மருந்து என்ன செய்யும் என்று இன்னும் யாருக்கும் தெரியாதாம். அதனால் கர்ப்பப்பை எடுத்தவர்கள், மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனவர்கள், ஆபரேஷன் செய்தவர்கள் தவிர மற்றவர்கள் காப்பர் டி போல, வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே தவறும் முறை ஒன்றில் இருக்க வேண்டும். ஆணுறை மட்டும் போதாது.

எனக்கு ஆபரேஷன் நடந்தது 2013-ல், இரண்டாவது சிசேரியனோடு. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு மூன்று நடை நடந்தேன். பழைய ரிஜிஸ்டர் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் திருமங்கலத்தில் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில், சின்னவனின் தடுப்பூசி அட்டைக்குள் மடித்தபடி கிடைத்தது டிஸ்சார்ஜ் சீட்டு. ‘வித் ஸ்டெரிலைசேஷன்’ என்ற இரண்டே வார்த்தை, மை மங்கிப்போய். அதற்குத்தான் இத்தனை அலைச்சல்.

சீட்டைக் கொடுத்த பிறகும் கர்ப்பப் பரிசோதனை உண்டு. முதலில் ரத்தத்தில், அப்புறம் ஒவ்வொரு முறை போகும்போதும் சிறுநீரில். கருக்குழாயைக் கட்டினாலும் 200 பேரில் ஒருவருக்குக் கரு தங்கிவிடுமாம். “வீட்டுக்காரர் தோஹா போய் ஒன்றரை வருஷமாச்சு தங்கச்சி” என்றேன். அவளும் சிரித்தாள். ஆனால் சிறுநீருக்குக் கொடுத்த டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. பக்கத்து நாற்காலியில் கல்யாணம் ஆகாத ஒரு பெண், கூடவே அவள் அம்மா. அதே கேள்விகளை அம்மா முன்னாலேயே கேட்டார்கள். அந்தம்மா முகம் கறுத்துவிட்டது. பெண் தலையே நிமிரவில்லை. தாம்பத்தியமே இல்லாதவர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வார்கள், படிவத்திலேயே இருக்கிறது. அம்மாவை இரண்டு நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அதைக் கேட்டிருக்கலாம்.

ஒப்புதல் படிவம் தமிழில்தான் இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பெரியவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். மறுவாரம் போய்க் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு அங்கே பார்க்கவில்லை.