வீடு அப்புறம், முதலில் மீட்டிங்

புது நாட்டில் இறங்கியதும் செய்ய வேண்டிய வேலைகள் எல்லோருக்கும் தெரியும். வங்கிக் கணக்கு, போன் எண், வாடகை வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி. குடியை நிறுத்தியவராக இருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ மீட்டிங் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஊரில் எனக்கு ஸ்பான்சராக, அதாவது முன்பே குடியை விட்டு எனக்கு வழிகாட்டியாக இருந்த அண்ணன் நான் கிளம்பும்போதே சொன்னார்: "தம்பி, வீடு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல மீட்டிங்க பாரு."

அவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்பது வந்த பிறகுதான் புரிந்தது. ஊரில் மதுக்கடைப் பக்கம் போனால் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்ற பயமாவது இருந்தது. இங்கே நம்மைத் தெரிந்தவர் யார்? வேலை முடிந்து "வா, ஒரு கிளாஸ் போட்டுட்டுப் போகலாம்" என்று கூப்பிடுகிறவர்களுக்கு நம் பழைய கதை தெரியாது. போகாவிட்டால் பழக ஆளே கிடைக்காதோ என்ற தவிப்பு வேறு.

ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்ததே இப்படி ஒரு தவிப்பில்தான். 1935 மே மாதம் பில் வில்சன் என்பவர் நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரத்துக்குப் போயிருந்தார். போன காரியம் நடக்கவில்லை. குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஹோட்டலில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் போன். அவர் போனை எடுத்தார். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று விசாரித்தார். அந்த விசாரிப்பு அவரை டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10தான் இன்றும் ஏஏவின் பிறந்தநாள். தெரியாத ஊரில் நிற்கும் நமக்கு இதைவிட நெருக்கமான கதை இல்லை.

இன்று தேடுவது சுலபம். அந்தந்த நாட்டு ஏஏ தளத்தில் கிழமை, நேரம், முகவரி எல்லாம் இருக்கும். மீட்டிங் கைடு என்ற செயலியும் உண்டு. ஆனால் முகவரியை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். நான் போய் நின்றது ஒரு பெரிய தேவாலயக் கட்டடம். முன்கதவு பூட்டியிருந்தது, பெயர்ப்பலகை எதுவும் இல்லை. போனில் பேசியவர், "பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, அதில் அம்புக்குறி போட்ட காகிதம், படி இறங்கி வந்துவிடுங்கள்" என்று முன்பே சொல்லியிருந்ததால் பிழைத்தேன். அந்தக் குழப்பத்திலேயே திரும்பிப் போய்விடுகிறவர்கள் எத்தனை பேரோ.

தேவாலயம் என்றதும் சிலர் தயங்குவார்கள். ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் அறை அது, அவ்வளவுதான். குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்று வரும், அவரவர் புரிந்துகொண்டபடி என்ற சொல்லோடு. அதுவும் ஒத்துவராதவர்களுக்கு 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற குழுக்கள் இருக்கின்றன.

கட்டணம் கிடையாது. ஒரு கூடை சுற்றி வரும், விருப்பப்பட்டவர்கள் போடலாம். சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. 'ஓப்பன்' என்று போட்டிருந்தால் யாரும் வரலாம். 'க்ளோஸ்ட்' என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். பேச வராவிட்டால் "இன்று கேட்க வந்தேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அவர்கள் வேகமாகப் பேசியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட பாதி என் கதை மாதிரியே இருந்தது. யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதமாட்டேன், அது அந்த அறையோடு.

நம்மவர்களுக்கு இருக்கும் பெரிய பயம், தமிழர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான். எனக்கும் அது நடந்தது. ஒரு நாள் எதிர் நாற்காலியில் தமிழர் ஒருவர். இருவருக்கும் ஒரு நிமிடம் முகம் வெளுத்துவிட்டது. முடிந்ததும் அவரே வந்து, "நாற்காலிய மடக்கலாமா?" என்றார். மடக்கி அடுக்கிக்கொண்டே நெடுநேரம் தமிழில் பேசினோம். பிறகு ஒரு கல்யாணத்தில் பார்த்தோம். எப்படிப் பழக்கம் என்று யாரோ கேட்டதற்கு, "நண்பர்" என்றார். பார்த்துவிட்டவரும் அதே காரணத்துக்காகத்தானே அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

என் மனைவி தனியாக அல்-அனான் போகிறாள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951இல் உருவானது அது. அவளுக்கும் இங்கே மனம்விட்டுப் பேச ஆள் வேண்டியிருந்தது, அதை நான் மட்டும் தந்துவிட முடியாது.

இன்னும் தினமும் நிறையக் குடித்துக்கொண்டிருப்பவர்கள் மீட்டிங்குக்குப் போகும் வேகத்தில் தாங்களாகவே சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை அவரிடம் குறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவம் பார்த்துக்கொண்டே மீட்டிங்குக்கும் வரலாம்.