பயமுறுத்திய பேருந்து

பேய்ப் படங்களில் திடீரென்று எதுவோ பாயும், நாம் தூக்கிவாரிப் போட்டு, அப்புறம் அது வெறும் பூனை என்று தெரியும். இந்த உத்தியின் தாய்க் காட்சி 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் இருக்கிறது. வால் லூட்டன் தயாரிப்பு, ஜாக் டூர்னர் இயக்கம்.

நியூயார்க், சென்ட்ரல் பார்க் ஓரம், ராத்திரி. ஒருத்தி நடக்கிறாள், பின்னாலேயே இன்னொருத்தி. பின்னணி இசை கிடையாது. குதிகால் செருப்புகளின் சத்தம் மட்டும்தான். விளக்கு வெளிச்சம், இருட்டு, மறுபடி வெளிச்சம். சட்டென்று பின்னால் வந்த காலடி நின்றுவிடுகிறது. திரும்பினால் ஆளில்லை. ஓட்டமும் நடையுமாக விரைகிறாள். சிறுத்தை சீறுகிற மாதிரி ஒரு சத்தம்! ஒரு பேருந்து திரைக்குள் நுழைந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

படத்தொகுப்பாளர் மார்க் ராப்சனின் கைவண்ணம். 'லூட்டன் பேருந்து' என்று இந்த உத்திக்கே பேர் வந்துவிட்டது. இப்போதைய படங்கள் பலவற்றில் அந்தச் சத்தம் மட்டும் இருக்கிறது, அதற்கு முந்தைய அமைதி இல்லை. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம்தான். பேய்ப் படம் எடுக்கப்போகும் தம்பி தங்கைகள் இந்தக் காட்சியை ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருமுறை பாருங்கள்.