தெங்குமாய் யமஹாய்: ஒன்பதாவது முயற்சியில் வழிக்கு வந்தது

நேற்று ராத்திரி கிடைத்துவிட்டது. தெங்குமாய் யமஹாய் என்ற சாகேயை, அதாவது ஜப்பானிய அரிசி மதுவை, எப்படிச் சூடு பண்ணிக் குடிப்பது என்று மூன்று வாரமாக ஒரே பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 1.8 லிட்டர் பாட்டில், ஒரு தடவைக்கு 150 மில்லி என்று கணக்கு வைத்தால் 12 தடவைக்கு வரும். எட்டு தடவை சரிப்படவில்லை. ஒன்பதாவது தடவை முதல் மடக்கிலேயே தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை, அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன இலையுதிர் காலம் வரை நான் முழுக்க கிஞ்ஜோ கட்சி, அதாவது அரிசியை நிறையத் தீட்டிச் செய்கிற, பழவாசனை வரும் சாகே. டோக்கியோவுக்கு வந்த நாளிலிருந்து குளிர்ப்பெட்டியில் வைத்த தைகிஞ்ஜோதான், அதிலும் இன்னும் அதிகம் தீட்டிய வகைதான், சாகே என்று இருந்தேன். ஆப்பிள் வாசனை, வாழைப்பழ வாசனை என்று நோட்டில் எழுதி, பாட்டில் லேபிளைக் கழற்றி ஒட்டி, அரிசியைத் தீட்டி 50 சதவீதம் மிச்சம் வைத்ததா 35 சதவீதம் மிச்சம் வைத்ததா என்று பார்த்துப் பார்த்து வாங்கியதெல்லாம் உண்டு. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாப்பாட்டோடு உட்கார்ந்தால் மூன்றாவது கிண்ணத்துக்கு மேல் போகாது. வாசனை சாப்பாட்டை மறைத்துவிடும். அப்போதுதான் யமஹாய் பக்கம், பாக்டீரியா தானாகப் புளிக்கவைக்கும் பழைய முறைச் சாகே பக்கம், திரும்பினேன்.

தெங்குமாய் இஷிகாவா மாநிலத்து ஹகுசான் ஊர்ச் சரக்கு. ஷாதா என்ற சாகே தயாரிப்புச் சாலை, 1823-இல் தொடங்கியது. யமஹாய் என்றால் இவர்கள் பெயர் முதல் வரிசையில் வரும். அடியில் நீல வளையம் போட்ட வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் இளமஞ்சள் நிறம் தெளிவாகத் தெரியும். அந்த நிறத்துக்காகவே நான் இந்த பாட்டிலை எடுத்தேன்.

முதல் தடவை பழக்கதோஷத்தில் 10 டிகிரியில் குடித்தேன். புளிப்பு மட்டும் முன்னால் நின்றது, பின்னால் காளானும் ஈர மரமும் கலந்த ஒரு வாசனை. இரண்டாவது தடவை வெளியே வைத்து 20 டிகிரியில். கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் இறுக்கம் போகவில்லை. இங்கே பலர் யமஹாயை இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கைவிடக் கூடாது. புளிப்புகளில் இரண்டு குணம் உண்டு. ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலமும் எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலமும் குளிர்ச்சியில் நன்றாக இருக்கும். தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமும், சிப்பியின் சுவையில் பங்கு உள்ள சக்ஸினிக் அமிலமும் சூட்டில்தான் இனிக்கும். யமஹாயில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதைக் குளிரவைத்துக் குடித்தால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே யாரும் இல்லையே என்று சொல்வதற்குச் சமம்.

ஆக சூடு பண்ண வேண்டும். கதையே இங்கேதான்.

ஜப்பானியர்கள் ஐந்து டிகிரிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 30 என்றால் ஹினாதகான், வெயில் பட்ட சூடு. 35 ஹிதோஹதாகான், மனுஷ உடம்புச் சூடு. 40 நுருகான், 45 ஜோகான், 50 அட்சுகான், அதற்கு மேல் 55-இல் தொபிகிரிகான். நான் முதலில் இதை வெறும் அலங்காரம் என்று நினைத்தேன். வரிசையாக ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு குடித்துப் பார்த்த பிறகு, இது தொழில் தெரிந்தவர்கள் வைத்த பெயர் என்று புரிந்தது. ஒரே சாகே 35-இல் ஒன்று, 45-இல் இன்னொன்று.

மூன்றாவது தடவை மைக்ரோவேவ். தொக்குரியின், அதாவது சாகே ஊற்றும் பீங்கான் குடுவையின், கழுத்துப் பக்கம் கொதிக்கிறது, அடி குளிர்ந்து கிடக்கிறது. அந்தப் பேச்சே வேண்டாம்.

நான்காவது தடவை பொறுமையாகச் செய்வோம் என்று 50 டிகிரித் தண்ணீரில் தொக்குரியை நிறுத்தி 11 நிமிடம் காத்திருந்தேன். மெதுவாகச் சூடேற்றினால் நல்லது என்பது நம் சமையலில் ஊறிய நம்பிக்கை. இங்கே அது எடுபடவில்லை. காத்திருந்த நேரமெல்லாம் வாசனை அறைக்குள் பரவி, கிண்ணத்துக்கு வந்தபோது சாகே சோர்ந்திருந்தது. ஐந்தாவது தடவை அடுப்பை அணைக்காமல் கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் 60-ஐத் தாண்டிவிட்டது, மூக்கில் ஏறி அடித்தது.

ஆறும் ஏழும் முறையாகவே செய்தேன். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, கொஞ்சம் விட்டு, 80 டிகிரி அளவில் தொக்குரியைக் கழுத்து வரை இறக்கினேன். ததும்ப ஊற்றக் கூடாது, சூட்டில் சாகே உயர்ந்து வழியும். தோள் வரை போதும். மூன்று நிமிடம். வெப்பமானி 50 காட்டியது. இரண்டு தடவையும் நாக்கில் குத்தியது. ஏன் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் வெப்பமானியையே சோதித்தேன். பனிக்கட்டித் தண்ணீரில் மைனஸ் 4, கொதிக்கும் தண்ணீரில் 96. நான் 50 என்று நம்பியது 54! இணையத்தில் வாங்கிய பொருள், விற்றவருக்கு எழுதினேன், பதிலே இல்லை. இரண்டு தடவை சாகே, 300 மில்லி, இதில் போனது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. புது வெப்பமானி வாங்குகிறவர்கள் முதல் நாளே பனிக்கட்டித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இந்த இடத்தில் சிரோரி பற்றிச் சொல்லியாக வேண்டும். சிரோரி என்பது கைப்பிடி வைத்த உலோகக் குவளை, சூடு பண்ணுவதற்கென்றே உள்ளது. அலுமினியம், செம்பு, வெள்ளீயம் என்று மூன்றிலும் கிடைக்கும். பீங்கான் தொக்குரியைவிட மிக வேகமாகச் சூடு ஏறும், எடுத்ததும் ஏறுவது நின்றுவிடும். பீங்கானில் அப்படி இல்லை, வெளியே எடுத்த பிறகும் சுவரில் இருக்கும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். நான் வாங்கியது ஓசகாவில் செய்த வெள்ளீயச் சிரோரி. பெட்டியைத் திறந்து கையில் எடுத்ததும் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பின் அதே கனம், அதே மங்கலான வெள்ளை. அதே எச்சரிக்கையும்தான்: வெறுமையாக நெருப்பில் வைத்தால் உருகிவிடும், வெள்ளீயம் 232 டிகிரிக்கு மேல் தாங்காது. சிரோரியைத் தண்ணீருக்குள் மட்டும்தான் இறக்க வேண்டும். ஈயச்சொம்பு ரசத்தின் ருசி பற்றி நம் வீடுகளில் பேசுகிற அதே பேச்சை இங்கே சாகே ஆட்கள் வெள்ளீயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், சுவை மிருதுவாகிறது என்று. நானும் அந்தப் பக்கம்தான்.

எட்டாவது தடவை, சிரோரி, சரியான வெப்பமானி, 48-இல் தூக்கினேன். குத்தல் இல்லை. ஆனால் புளிப்பு ஒரு பக்கம், அரிசி இனிப்பு ஒரு பக்கம் என்று தனித்தனியாக நின்றன. நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடைக்குப் போனேன். எழுபது வயது தாண்டிய பெரியவர், எல்லா பாட்டிலையும் வெளிச்சம் படாமல் செய்தித்தாளில் சுற்றியே வைத்திருப்பார். எது என்னவென்று அவருக்கு மட்டும் தெரியும். இந்த ஊரில் அவரைப்போல் இன்னொரு கடைக்காரரை நான் பார்க்கவில்லை. என் நோட்டைக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "48-இல் ஏன் நிறுத்துறீங்க? ஒரு தடவை 55 வரைக்கும் ஏத்திடுங்க. அப்புறம் தானா இறங்கட்டும்" என்றார்.

அதைத்தான் நேற்று செய்தேன். தண்ணீர் 85, சிரோரியில் 150 மில்லி, இரண்டு நிமிடத்துக்குள் 55. மேல் பகுதி அடியைவிடச் சூடாக இருக்கும் என்பதால் கடைசி அரை நிமிடம் வெப்பமானியாலேயே மெதுவாகக் கலக்கினேன். எடுத்துத் தொக்குரிக்கு மாற்றினேன், தொக்குரியையும் கிண்ணத்தையும் முன்னாலேயே வெந்நீரில் கழுவி வைத்திருந்தேன். குளிர்ந்த கிண்ணம் ஒரே ஊற்றில் மூன்று டிகிரியைத் தின்றுவிடும். காபி ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து ஆற்றவில்லை, சும்மா வைத்துவிட்டு மீனைத் திருப்பப் போனேன். 48 வந்ததும் ஊற்றினேன்.

புளிப்பு எங்கேயும் தனியாக இல்லை. முதலில் வெந்த சோற்றின் இனிப்பு, அதற்குள்ளேயே தயிரின் புளிப்பு, விழுங்கிய பிறகு வறுத்த பருப்பு மாதிரி ஒரு நீளம். உப்புத் தடவிச் சுட்ட கானாங்கெளுத்தியை ஒரு வாய் எடுத்துவிட்டு மறுபடி குடித்தால், மீனின் எண்ணெயை அப்படியே துடைத்து எடுத்துவிட்டு இன்னொரு வாய் கேட்டது. நான் எதிர்பார்த்திருந்த மூன்றாவது கிண்ணம் தானாக வந்தது. 42 வரை இறங்கியபோதும் சிதறவில்லை.

சமையலறைக்கு வந்த மனைவி, குடிக்கிறவள் இல்லை, ஆனால் மூக்கு கூர்மை, "என்னங்க, இட்லி மாவு பொங்கின வாசனை வருது?" என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் அது வெறும் உவமை இல்லை. யமஹாயிலும் அதற்கு முந்தைய பழைய முறையான கிமோதோவிலும் லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றுவதில்லை, பாக்டீரியாவே உண்டாக்கும்வரை காத்திருக்கிறார்கள். ஈஸ்ட்டை வளர்த்தெடுக்கும் தாய்க்கலவைக்கே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் முதலில் வந்து உட்கார்வது லியூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா. நம் இட்லி மாவைப் பொங்கவைப்பதும் அதே லியூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ்தான். இஷிகாவாவின் குளிர்காலத் தொட்டியிலும் எங்கள் வீட்டுக் கிரைண்டர் மாவிலும் ஒரே ஜீவன். 1910 வாக்கில் லாக்டிக் அமிலத்தை நேரடியாகச் சேர்க்கும் முறை வந்து, வேலை பாதிக் காலத்திலேயே முடிந்ததும், பெரும்பாலானவர்கள் அதற்கு மாறிவிட்டார்கள். இன்னும் காத்திருக்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அடுத்து கிமோதோ. ஃபுகுஷிமாவின் நிஹொன்மாட்சுவில் 1752 முதல் இருக்கும் தைஷிச்சி, வரிசையில் முதல். அதோடு கோபே பக்கத்து நாதாவின் கிகுமாசமுனே கிமோதோ ஹொன்ஜோசோ, சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கிற சாதாரண பாட்டில். இரண்டையும் இதே சிரோரியில், இதே 55-லிருந்து இறக்கிப் பார்க்கப் போகிறேன். நாதாவில் சாகேக்குப் பயன்படுத்தும் மியாமிசு கடினத் தண்ணீர், அதனால் அங்கே சாகே விறைப்பாக இருக்கும் என்பார்கள். அக்டோபரில் ஹிரோஷிமாவின் சைஜோவுக்குப் போய் அங்கத்திய சாகேயோடு அதை ஒப்பிடும் எண்ணமும் இருக்கிறது. அங்கே ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் செங்கல் புகைபோக்கிகளோடு வரிசையாகச் சாகே தயாரிப்புச் சாலைகள். பெரியவர் செப்டம்பரில் ஹியாஓரோஷி, அதாவது கோடை முழுக்க வைத்திருந்து இலையுதிர் காலத்தில் வெளிவிடும் சாகே, வந்ததும் ஒன்று எடுத்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இந்த பாட்டில் இன்னும் முடியவில்லை. 450 மில்லி மீதி, மூன்று தடவை. சனிக்கிழமை ஒரு தடவைக்கான 150 மில்லியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராக 48-க்கு ஏற்றியும் இன்னொன்றை 55-லிருந்து 48-க்கு இறக்கியும், எது எது என்று சொல்லாமல் மனைவியை ஊற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது சிரோரி ஒன்று வேண்டும், நாளைக்குப் பெரியவரிடம் இரவல் கேட்க வேண்டும்.