காலாவதித் தேதி இல்லாத உரிமம்

ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை என்பதால், எந்த உரிமம் கைக்கு வந்தாலும் என் கண் முதலில் தேடுவது காலாவதித் தேதியைத்தான். எஃப்-35 போர் விமானத் திட்டத்துக்காக நெதர்லாந்து அரசு 2016இல் வழங்கிய பொது உரிமத்தை, அதாவது ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதி கேட்கத் தேவையில்லாத உரிமத்தைப் பற்றிப் படித்தபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதற்குக் காலவரம்பே கிடையாது.

நெதர்லாந்தின் தெற்கில் வூன்ஸ்ட்ரெக்ட் என்னும் விமானத் தளத்தில், அந்த விமானத்தின் உதிரிபாகங்களை வைத்திருக்கும் வட்டாரக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அங்குள்ள பாகங்கள் அமெரிக்காவுக்குச் சொந்தமானவை. எஃப்-35 வைத்திருக்கும் எந்த நாடு கேட்டாலும், இஸ்ரேல் உட்பட, அங்கிருந்து அனுப்பப்பட்டு வந்தன. 2023 அக்டோபருக்குப் பின் காசா மீது குண்டுவீச்சு தொடங்கியதும், இவற்றை இஸ்ரேலுக்கு இன்னும் அனுப்பலாமா என்று நெதர்லாந்தின் சுங்கத் துறையே அரசிடம் கேட்டது. சரக்கைக் கையாளும் மேசையிலிருந்து அந்தக் கேள்வி எழுந்தது எனக்கு வியப்பாக இல்லை. வழக்கமான தாள் வழக்கத்துக்கு மாறான நாளில் வரும்போது முதலில் உறுத்துவது அங்கேதான். அரசு தலையிடாமல் இருக்க முடிவு செய்தது.

ஆக்ஸ்ஃபாம் நோவிப், பாக்ஸ், தி ரைட்ஸ் ஃபோரம் ஆகிய மூன்று தன்னார்வ அமைப்புகள் அரசின் மீது வழக்குத் தொடுத்தன. 2023 டிசம்பரில் ஹேக் மாவட்ட நீதிமன்றம், இது அமைச்சரின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்று வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ 2024 பிப்ரவரி 12 அன்று, ஏழு நாட்களுக்குள் இஸ்ரேலுக்கான அந்த ஏற்றுமதியை நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

இந்த இரு தீர்ப்புகளுக்கும் இடையில் கிடப்பது ஒரு வினைச்சொல். ஆயுத ஏற்றுமதி பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுப் பொது நிலைப்பாட்டின்படி, ஓர் ஆயுதம் போர்க்கால மனிதாபிமானச் சட்டத்தின் கடுமையான மீறலுக்குப் பயன்படக்கூடும் என்ற தெளிவான அபாயம் இருந்தால், உரிமத்தை மறுத்தே ஆக வேண்டும். அதை வணிக உறவோடும் நட்பு நாட்டின் மனத்தாங்கலோடும் தராசில் போட இடமில்லை. ஆனால் உரிமம் கொடுத்த பிறகு நிலைமை மாறினால் என்ன செய்வது? அந்த நிலைப்பாடும், 2014இல் நடைமுறைக்கு வந்த ஆயுத வணிக ஒப்பந்தமும், மறுமதிப்பீடு செய்யும்படி நாடுகளை 'ஊக்குவிக்க' மட்டுமே செய்கின்றன. (இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை, 2013இல் ஐ.நா. வாக்கெடுப்பில் ஒதுங்கியே நின்றது.) அந்த மெல்லிய சொல்லை மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியே விட்டுவிடவில்லை. ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் பிரிவு, சட்டத்தை மதிப்பதோடு பிறரையும் மதிக்கச் செய்யும் கடமையை ஒவ்வொரு நாட்டின் மீதும் சுமத்துகிறது. அதன் வெளிச்சத்தில் படித்தால், காலவரம்பற்ற உரிமம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ள அமைச்சருக்கு உரிமை இல்லை என்றது அந்த நீதிமன்றம். நாம் அனுப்பாவிட்டால் வேறு கிடங்கு அனுப்பும் என்ற வாதமும் எடுபடவில்லை.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2024 செப்டம்பரில் இஸ்ரேலுக்கான ஏறத்தாழ 350 ஆயுத ஏற்றுமதி உரிமங்களில் 30 அளவில் நிறுத்திவைத்தது; ஆனால் பல நாடுகளுக்கும் பொதுவாகச் செல்லும் எஃப்-35 பாகங்களுக்கு விலக்களித்தது. அபாயத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, அபாயம் மிகுந்த பொருளையே விலக்கிவைப்பது என்னைப் பொறுத்தவரை மறுப்பதைவிட மோசமானது. 2025 ஜூன் 30 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 3 அன்று இடைப்பட்ட இடத்தில் நின்றது. தெளிவான அபாயம் உண்டா என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் தானே எடைபோட்டது தவறு, அது அமைச்சரின் வேலை என்றது. ஆனால் அந்த வேலையை ஆறு வாரங்களுக்குள் முறையாகச் செய்ய வேண்டும், அதுவரை தடை நீடிக்கும் என்றும் சொன்னது. சிலர் இதை அரசின் வெற்றியாக எழுதினார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. பேனாவை நீதிமன்றம் அமைச்சரிடமே திருப்பிக் கொடுத்தது உண்மை; ஆனால் 2016இல் தேதியே இல்லாமல் கையெழுத்தான ஒரு தாளின் மீது, அவர் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டியதாயிற்று.